'ஹேண்ட் வாஷ் பண்ணு கண்ணா!' - குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது? அடையாறில் பாடம் நடத்திய மான்டிசோரி காட்டும் வழி

"கண்ணா, ஹேண்ட் வாஷ் பண்ணிட்டு வா... ரைஸ் சாப்பிடு... அங்கே பாரு, மூன்!"

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் மாலை நேரத்தில் ஏதாவது ஒரு பூங்காவுக்குப் போனால், இப்படிப்பட்ட பேச்சு காதில் விழாமல் இருக்காது. எல்.கே.ஜி சேர்வதற்குள் பிள்ளைக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்துவிட வேண்டும் என்ற கவலையில் பெற்றோர் செய்துகொண்ட ஏற்பாடு இது. கை 'ஹேண்ட்' ஆகிறது, சோறு 'ரைஸ்' ஆகிறது, நிலா 'மூன்' ஆகிறது. வாக்கியம் மட்டும் தமிழாகவே இருக்கிறது.

இதனால் குழந்தைக்கு ஆங்கிலம் வருமா? குழந்தை மொழியை எப்படிக் கற்கிறது என்பதை வாழ்நாள் முழுக்க கவனித்த ஒருவர், 80 ஆண்டுகளுக்கு முன்பு இதே அடையாறில் தங்கி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தினார். இன்று சென்னையில் எத்தனையோ மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் இருக்கும் அந்தப் பெயர்... மரியா மான்டிசோரி.

மூன்று மாதம் ஏழு ஆண்டானது!

இத்தாலியில் 1870-ல் பிறந்த மான்டிசோரி ஒரு மருத்துவர். 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்புப் பகுதியில் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர். தியசாபிகல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அருண்டேலின் மனைவிதான் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி.

அடையாறு சொசைட்டி வளாகத்தில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். ஆனால், மான்டிசோரி பேசியது இத்தாலிய மொழியில். அவருடைய மகன் மரியோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். கேட்டவர்கள் ஊருக்குத் திரும்பி, தமிழிலும் குஜராத்தியிலும் பேசும் குழந்தைகளிடம் அதைக் கொண்டுபோனார்கள். ஒரு பாடம் மூன்று மொழிகளைத் தாண்டித்தான் குழந்தையிடம் போய்ச் சேர்ந்தது.

சில மாதங்கள் தங்குவதாகத்தான் திட்டம். ஆனால், 1940 ஜூனில் இத்தாலி இரண்டாம் உலகப்போரில் குதித்தது. இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மான்டிசோரியின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. மொழி தெரியாத ஊரில், மகனும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே சமயத்தில் பிரிந்துபோன நிலை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனையே திருப்பித் தருவதாக அதில் இருந்தது. அதன் பிறகு கொடைக்கானல், அகமதாபாத் என்று வகுப்புகள் தொடர்ந்தன. 1946-ல் ஐரோப்பா திரும்பும் முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி அளித்திருந்தார்.

குழந்தை மொழியைப் 'படிப்பது' இல்லை

போருக்குப் பின் அகமதாபாத் வகுப்பில் அவர் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் உருவான புத்தகம் 'தி அப்சார்பென்ட் மைண்ட்'. 1949-ல் அதை வெளியிட்டது அடையாறில் உள்ள தியசாபிகல் பதிப்பகம்தான்.

பெரியவர்கள் ஒரு மொழியைக் கற்க இலக்கணம், வார்த்தைப் பட்டியல், பயிற்சி என்று பாடுபடுகிறோம். குழந்தையோ, பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை, தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழியை அப்படியே உள்வாங்கிக்கொள்கிறது. உச்சரிப்பும் வாக்கிய அமைப்பும் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே வந்துவிடுகின்றன. மான்டிசோரி திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அதனால்தான் குழந்தையிடம் மழலையாகக் கொஞ்சிப் பேசாமல், சரியான வார்த்தைகளில் முழுமையாகப் பேசுங்கள் என்றார்.

இங்கேதான் 'ஹேண்ட் வாஷ் பண்ணு' இடறுகிறது. அந்தப் பேச்சில் குழந்தைக்குக் கிடைப்பது சில ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் மட்டுமே. ஆங்கில வாக்கியம் எப்படி அமையும் என்பது அதில் இல்லை. அதே சமயம் கை, சோறு, நிலா போன்ற தமிழ்ச் சொற்களும் அதன் காதில் விழாமல் போகின்றன. ஆங்கிலத்துக்காகச் செய்த ஏற்பாட்டில் இரண்டு மொழியுமே அரைகுறையாகிவிடுகிறது.

தமிழில் வலுவாக இருந்தால் ஆங்கிலம் வராமல் போய்விடுமோ என்ற பயம் தேவையில்லை. தாய்மொழிதான் கற்பிக்கச் சிறந்த ஊடகம் என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டது. முதல் மொழியில் பெற்ற திறன் இரண்டாவது மொழிக்கும் கைகொடுக்கும் என்பது கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸின் கருத்து. கதை கேட்டு, 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று தமிழில் கேட்கத் தெரிந்த குழந்தை, பள்ளியில் அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கக் கற்றுக்கொள்ளும். கேள்வி கேட்கும் பழக்கமே இல்லாவிட்டால்தான் சிரமம்.

மணலில் எழுதிய மெட்ராஸ் விரல்

மான்டிசோரி வகுப்புகளில் உப்புத்தாள் எழுத்துகள் உண்டு. எழுத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதை விரலால் தடவிக்கொண்டே அந்த ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து எழுத்தைப் பழகும்.

விரலால் எழுதிப் பழகுவது நமக்குப் புதிதா என்ன? விஜயதசமி அன்று தாத்தா மடியில் உட்கார்ந்து தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதியவர்கள்தானே நாம்! திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் நூல் வெளியிட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அவருடைய கல்வி முறை இங்கிலாந்தில் பரவியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* முழு வாக்கியம் பேசுங்கள்: உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள். தமிழ் என்றால் முழுத் தமிழ் வாக்கியம், ஆங்கிலம் என்றால் முழு ஆங்கில வாக்கியம். பஸ், போன் போன்ற புழக்கத்தில் உள்ள சொற்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

* மூன்று படிப் பாடம்: மான்டிசோரி வகுப்புகளில் புதிய சொல்லை அறிமுகம் செய்யும் முறை இது. காய் நறுக்கும்போதே செய்யலாம். முதலில், 'இது வெண்டைக்காய், இது கத்தரிக்காய்.' அடுத்து, 'வெண்டைக்காய் எது? எடுத்துக் கொடு.' கடைசியாக, 'இது என்ன?' குழந்தை தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம். இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

* அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழியா? தி.நகரில் தெலுங்கு, மலையாளம், குஜராத்தி பேசும் வீடுகள் ஏராளம். அவரவர் மொழியில் பேசட்டும். குழந்தை இரண்டையும் கலந்து பேசினால் பதற வேண்டாம், அது இயல்பு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், மொழியைக் குறை சொல்லாமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

* பலகையை மட்டும் நம்பாதீர்கள்: 'மான்டிசோரி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பள்ளிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்களா, வகுப்பில் குழந்தைகள் பேச இடமிருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சேருங்கள்.

* தாத்தா பாட்டிக்கு நேரம் கொடுங்கள்: தினமும் அரை மணி நேரம் போதும். வீடியோ காலில் 'ஹாய் பாட்டி, பை பாட்டி'யோடு நிறுத்தாமல், இன்று என்ன நடந்தது என்று குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தைக் கற்றுத்தர பள்ளி, டியூஷன், யூடியூப் என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன. பாட்டி சொல்லும் கதை புரிந்து, அதற்கு 'உம்' கொட்டத் தெரிவதற்கு வீட்டை விட்டால் வேறு வகுப்பு கிடையாது!