கப்பல் போய் விமானம் வந்தது!

சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் பாபநாசம் பக்கம் ஏராளம். முன்பு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏற வேண்டும். போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும். தகப்பனார் இறந்ததாகத் தந்தி போனாலும், மகன் வந்து கொள்ளி வைக்க முடியாது! அடுத்து வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் மாண்டனர். அத்துடன் அதன் ஓட்டம் நின்றது.

திருச்சி விமான நிலையம் பழையதுதான். 1938-லேயே கொழும்பு செல்லும் டாட்டா விமானம், தபால் மூட்டையுடன் அங்கே இறங்கியது. ஆள்களுக்கு முன் கடிதங்கள் பறந்தன! 2012 அக்டோபரில் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. ஸ்ரீரங்கம் கோபுர வண்ணங்களுடன் புதிய முனையம் 2024 ஜனவரி 2-ல் திறக்கப்பட்டது. ஜூன் 11 முதல் பயணிகள் வந்து போகிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம். காலையில் துக்கச் சேதி போனால், விமானத்தில் இடம் கிடைத்தால், இரவுக்குள் மகன் வாசலில் நிற்கலாம்.