பந்து உறங்கும் மாதங்கள்

எங்கள் கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவன் ஒருவன் ஒருநாள் நொண்டியபடி வகுப்புக்கு வந்தான். கால்பந்துக் குழுவில் வலது ஓரத்தில் ஆடுபவன். விடுமுறை முடிந்து நடந்த முதல் ஆட்டத்திலேயே தொடையின் பின்புறத் தசை இழுத்துக்கொண்டு விட்டது. முந்திய ஆண்டும் இதே கதைதான். “சார், யாரும் என்னை இடிக்கவில்லை. பந்துகூட என்னிடம் இல்லை. ஓடத்தானே செய்தேன்?” என்றான். அவன் முகத்தில் வலியைவிட அச்சமே மிகுதியாகத் தெரிந்தது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் குழுவில் இடம் போய்விடுமே!

அவன் கேட்டது நல்ல கேள்வி. விரைந்து ஓடும்போது உங்கள் கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். பின்னாலிருந்து முன்னால் வீசப்படும் கெண்டைக்கால், ஓர் ஊசல் குண்டைப் போல முழங்காலைச் சுற்றிப் பாய்கிறது. பாதம் தரையைத் தொடுமுன் அந்த வீச்சை யாராவது தடுத்து நிறுத்தியாக வேண்டும். தடுப்பது தொடையின் பின்புறத் தசைதான். அது சுருங்கிக்கொண்டு வேலை செய்வதில்லை. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. கிணற்றில் வாளியை மேலே இழுப்பதற்கும், நிறைந்த வாளி கையை விட்டுப் போய்விடாமல் மெல்ல இறக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஓட்டத்தில் தசை நார்கள் கிழிவது பெரும்பாலும் இந்த ‘இறக்கும்’ வேலையின்போதுதான் என்று கருதுகிறார்கள்.

அப்படியானால் இறக்கும் வேலைக்கே தசையைப் பழக்கினால் என்ன? டென்மார்க்கில் 2008ஆம் ஆண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்நாட்டில் கடுங்குளிர் மாதங்களில் கால்பந்துப் போட்டிகள் நின்றுவிடும். அந்த இடைவேளையில் 50 குழுக்களைச் சேர்ந்த 942 ஆட்டக்காரர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியோடு நின்றனர். மற்றப் பிரிவினர் 10 வாரங்களுக்கு ‘நார்டிக்’ பயிற்சி என்ற ஒன்றைக் கூடுதலாகச் செய்தனர். பிறகு அந்த ஆண்டு முழுவதும் கணக்கு வைத்தார்கள். பயிற்சி பெறாத பிரிவில் பின்தொடைத் தசைக் காயங்கள் 52. பெற்ற பிரிவில் 15 மட்டுமே! முடிவுகள் 2011இல் வெளியாயின.

இத்தனைக்கும் அந்தப் பயிற்சிக்கு ஒரு கருவியும் தேவையில்லை. மண்டியிட்டு நிமிர்ந்திருங்கள். பின்னால் ஒருவர் உங்கள் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடலை ஒரே பலகைபோல் வைத்து, இயன்ற அளவு மெல்ல முன்னால் சாயுங்கள். இனித் தாங்காது என்னும்போது கைகளை ஊன்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இங்கே எடைக்கல் எது? உங்கள் உடலேதான்! திருப்புத்திறன் பாடம் நினைவிருக்கிறதல்லவா? முழங்காலுக்கு மேலுள்ள உடலின் நிறை 40 கிலோகிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம் முழங்காலிலிருந்து அரை மீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். எடை ஏறத்தாழ 400 நியூட்டன். 10 டிகிரி சாயும்போது முழங்காலைப் பற்றிய திருப்புத்திறன் 400 × 0.5 × 0.17, அதாவது சுமார் 35 நியூட்டன் மீட்டர். 45 டிகிரியில் அது 140 ஆகிவிடுகிறது, நான்கு மடங்கு! தசை இழுக்கும் கோடோ முழங்கால் மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தள்ளித்தான் செல்கிறது. 140ஐ 0.04ஆல் வகுத்துப் பாருங்கள். இரு கால்களின் தசைகளும் சேர்ந்து 3500 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும். எளிய பயிற்சி என்று முதல் நாளே ஐம்பது முறை செய்பவர் மறுநாள் படியிறங்க மாட்டார். டென்மார்க்கிலும் முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஐந்தைந்தாக இருமுறைதான் செய்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்துதான் வாரத்துக்கு மூன்று நாள். இதை ஆட்டமில்லாத மாதங்களில் தொடங்குவதன் காரணமும் இதுவே. இரண்டு நாள் தசைவலியோடு போட்டியில் இறங்க முடியுமா?

முழங்காலுக்கு வேறொரு கணக்கு உண்டு. தலையால் பந்தை முட்ட 40 சென்டிமீட்டர் எம்பிய 50 கிலோகிராம் சிறுமி, வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறாள். அவளது உந்தம் 140 அலகு. காலை விறைப்பாக வைத்து 0.05 வினாடியில் நின்றால் சராசரி விசை 2800 நியூட்டன். முழங்காலை மடக்கி 0.2 வினாடியில் நின்றால் 700. இரண்டிலும் உடல் எடையான 490ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். மெத்தென்று இறங்கத் தெரிந்தால் மட்டும் போதாது. மடங்கும் காலைத் தாங்கத் தொடையில் வலு வேண்டும். நம் ஊர்ப் பஸ்கி அதற்கு உகந்தது. முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உட்புறம் சாயக்கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமியரிடம் 2007இல் நடந்த ஆய்வில், இத்தகைய வலுப் பயிற்சியும் குதித்திறங்கும் பயிற்சியும் சேர்ந்த உடற்பயிற்சித் தொகுப்பைச் செய்தவர்களுக்குக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

“எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்” என்று வீட்டில் சொல்வார்கள். என் தாயாரும் சொன்னதுண்டு. வளரும் எலும்பின் நுனிகளில் மென்மையான வளர்தட்டுகள் இருப்பது உண்மை. ஆனால் தேர்ந்த பயிற்சியாளரின் கண்காணிப்பில், முறையாகச் செய்யும் வலுப் பயிற்சி அவற்றைக் கெடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2020இலும் எடுத்துரைத்துள்ளது. ஆபத்து எங்கே என்றால், யார் அதிகம் தூக்குவது என்ற பந்தயத்தில். முதலில் எடையே இல்லாமல் அசைவுகளைப் பழகுங்கள். சிறு வயதில் தசை பெருக்காவிட்டாலும் வலு கூடும். ஓய்ந்திருக்கும் தசை நார்களையும் வேலைக்கு அழைக்க நரம்புகள் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம்.

காயம் ஆறியபின் இதையெல்லாம் அந்த மாணவனுக்கு விளக்கினேன். “வீட்டில் தம்பி இருக்கிறான் சார், அவனைக் கணுக்காலைப் பிடிக்கச் சொல்கிறேன்” என்று உற்சாகமாகக் கிளம்பினான். “தம்பியின் எடை எவ்வளவு?” என்றேன். “இருபது கிலோ.” முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு 0.4 மீட்டர், 140ஐ அதால் வகுத்தால் 350 நியூட்டன் வருகிறது. கரும்பலகையில் போட்டுக் காட்டியதும் அவனே சிரித்துவிட்டான். தம்பியோடு அக்காளும் ஏறி உட்கார வேண்டியிருந்ததாம்.