காது ஆபரேஷன்: பாலிசி பணம் தருதுன்னு மட்டும் முடிவெடுக்காதீங்க!

மீட்டிங்ல மத்தவங்க பேசுறது கொஞ்ச நாளா மங்கலா கேட்குதா? 20 முதல் 40 வயசுக்குள்ள இப்படி ஆரம்பிச்சா, ஓட்டோஸ்க்ளிரோசிஸ் ஒரு காரணமா இருக்கலாம். நடுக்காதில் இருக்கும் ஸ்டேபிஸ், நம்ம உடம்பிலேயே சின்ன எலும்பு. அது இறுகிப்போய் அசையாம நின்னுடும். ஒலி உள்ளே போகாது.

இதுக்கு முக்கியமா ரெண்டு வழி. ஒன்று, ஸ்டேபிடாட்டமி ஆபரேஷன்: எலும்பில் சின்ன துளை போட்டு, ஒரு குட்டி பிஸ்டனை வைப்பாங்க. இன்னொன்று, காது மெஷின்.

இங்கதான் பணம் குறுக்கே வருது. ஆபரேஷனுக்கு ஆபீஸ் இன்சூரன்ஸ் பணம் தரும். காது மெஷினுக்குப் பெரும்பாலான பாலிசிகள் தராது. உடனே "ஆபரேஷன் ஃப்ரீதானே"ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

ரிசல்ட் எப்படி இருக்கும்?

அனுபவமுள்ள சர்ஜன் செய்தால் சுமார் 10 பேரில் 9 பேருக்கு கேட்கும் திறன் நன்றாகவே கூடும். ஆனா சுமார் 100 பேரில் ஒருவருக்கு அந்தக் காது முழுசா கேட்காமல் போகலாம். அதுக்கப்புறம் அந்தக் காதுக்கு சாதாரண மெஷினும் உதவாது.

சில நாள் தலைசுற்றல் இருக்கலாம். சுவை நரம்பு நடுக்காது வழியா போறதால, நாக்கின் ஒரு பக்கம் ருசி மாறலாம்; பலருக்கு சில மாதங்களில் சரியாகும். பிஸ்டன் பின்னாளில் நகர்ந்தால் மறு ஆபரேஷன் தேவைப்படலாம். அதன் வெற்றி வாய்ப்பு முதல் தடவையை விடக் குறைவு.

இப்போ கணக்கு போடுவோம்

ஒரு மெஷின் 60,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. 5 வருஷம் உழைச்சா மாசம் 1,000 ரூபாய். பிடிக்கலைன்னா கழற்றி வைக்கலாம். ஆபரேஷனை அப்படித் திரும்பப் பெற முடியாது. அதுக்காக ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லலை. ரெண்டையும் மருத்துவக் காரணத்துக்காக ஒப்பிடுங்க, க்ளைமுக்காக இல்லை.

ஆபரேஷன்னு முடிவு பண்ணிட்டா, இதைக் கவனிங்க:

- இந்தப் பிரச்சினை பலருக்கு ரெண்டு காதிலும் வரும். ஆனா ஒரு நேரத்தில் ஒரு காதுக்குத்தான் செய்வாங்க. அடுத்ததுக்குப் பல மாதம் ஆகலாம். நடுவில் வேலை மாறினா, பழைய ஆபீஸ் கவர் போயிடும்.
- தனி பாலிசியில் காது, மூக்கு, தொண்டை சிகிச்சைகளுக்கு வழக்கமா 24 மாதம் காத்திருக்கணும். ஏற்கனவே கண்டுபிடிச்ச நோய்க்கு இது 36 மாதம் வரை போகலாம். அதனால காது நல்லா இருக்கும்போதே சொந்த பாலிசி எடுங்க.
- டெஸ்ட் எடுத்திருந்தா விண்ணப்பத்தில் மறைக்காதீங்க. க்ளைம் நிராகரிக்கப்படலாம்.
- வேலையை விடும் முன்பே, குரூப் பாலிசியிலிருந்து தனி பாலிசிக்கு மாற முடியுமான்னு கேளுங்க.
- ஓரிரு வார லீவ் சேர்த்து வைங்க. டாக்டர் ஓகே சொல்லும் வரை ஃப்ளைட், கனமான பொருள் தூக்குறது வேண்டாம்.

சர்ஜனிடம் ரெண்டு கேள்வி கேளுங்க: "இந்த ஆபரேஷன் நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க? என் காதுக்கு மெஷின் போதுமா?" கேட்கத் தயங்காதீங்க, பாஸ். பாலிசி பில்லைத்தான் கட்டும், காது உங்களோடது.