கவச ஊர்திகளில் வானொலிக் கருவி பொருத்துதல்: ஆவடி டாங்கிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலையொட்டி நீளும் வடசென்னைத் தொழிற்பகுதி துறைமுகத்தையும் ஊர்தித் தொழிலையும் சார்ந்து வளர்ந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றிய இன்றைய அசோக் லேலண்ட் நிறுவனம் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது; அதன் ஸ்டாலியன் சரக்குந்துகள் இந்தியத் தரைப்படையில் பரவலாகப் பயன்படுகின்றன. இப்பகுதிக்கு மேற்கே, ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை நாட்டின் டாங்கிகளை உருவாக்கி வருகிறது. 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் டி-72 அஜேயா, அர்ஜுன், டி-90 பீஷ்மா ஆகியவை உருவாயின. இவற்றின் கவசமும் பீரங்கியும் பேசப்படும் அளவிற்கு உள்ளே அமையும் வானொலிக் கருவி பேசப்படுவதில்லை. அக்கருவியைப் பொருத்துவது ஒரு பெட்டியை முடுக்கி மாட்டும் வேலையன்று. ஊர்தியின் உடலையே வானொலிச் சுற்றின் ஓர் உறுப்பாக்கும் பணியாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை

1917-இல் காம்ப்ரே போரில் பிரித்தானிய டாங்கிகள் செய்தியனுப்பப் புறாக்களையும் நம்பியிருந்தன. 1940-இல் பிரெஞ்சு டாங்கிகள் பல, கவச வலிமையில் செருமானிய டாங்கிகளுக்குக் குறைந்தவையல்ல. ஆயினும் அவற்றுள் பலவற்றில் வானொலி இல்லை. செருமானியத் தளபதிகள் களத்திலிருந்தபடியே ஆணைகளை மாற்ற முடிந்தது. தொடர்பற்ற டாங்கி படைப்பிரிவின் உறுப்பாக இயங்குவதில்லை என்பதை அப்போர் உணர்த்தியது.

ஆண்டெனாவும் ஊர்தியின் உடலும்

படை ஊர்திகளின் வானொலிகள் பெரும்பாலும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் இயங்குகின்றன. 30 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 மீட்டர். அதன் கால் பங்கு 2.5 மீட்டர். 88 மெகாஹெர்ட்ஸில் அக்கால் பங்கு 0.85 மீட்டராகக் குறைகிறது. ஒரே கம்பி இவ்வளவு அகன்ற எல்லைக்கும் பொருந்தாது என்பதால் ஆண்டெனாவின் அடியில் பொருத்துச்சுற்று ஒன்று அமைக்கப்படுகிறது. மரக்கிளையில் மோதினால் வளைந்து நிமிர்வதற்காக வலிய சுருள்வில்லும் இடம்பெறும்.

மேலே நிற்கும் கம்பி ஆண்டெனாவின் ஒரு பாதி. எஃகுக் கூடே மறுபாதி. ஆகவே, அடித்தளம் அமரும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் சேருமாறு பிணைத்தல் வேண்டும். கடலோர உப்புக்காற்றில் அப்பிணைப்பு துருவேறினால், கருவி பழுதற்றிருந்தும் தொடர்பெல்லை சுருங்கிவிடும். பழுதைக் கருவியினுள் தேடுவோர் இதனை எளிதில் தவறவிடுவர்.

சுழலும் கோபுரம்

ஓட்டுநர் அடிக்கூட்டின் முன்புறம் அமர்கிறார். கட்டளையரும் சுடுநரும் சுழல்கோபுரத்தில் இருக்கின்றனர். கோபுரம் முழு வட்டமாகத் தடையின்றிச் சுழல்வதால் இரண்டிற்கும் இடையே நேரடிக் கம்பி இழுத்தால் அது முறுக்கி அறும். எனவே மின்சாரமும் பேச்சுக் குறிகைகளும் நழுவு வளையங்கள் வழியே கடத்தப்படுகின்றன. டி-72 வகையில் வெளித்தொடர்புக்கு ஆர்-123, குழுவினரின் உட்பேச்சுக்கு ஆர்-124 எனத் தனித்தனிக் கருவிகள் முதலில் அமைந்தன. இயந்திர ஓசை மிகுந்திருப்பதால் சோவியத் மரபுத் தலைக்கவசங்களில் தொண்டையின் அதிர்வை நேரே வாங்கும் ஒலிவாங்கி இணைக்கப்பட்டது.

மின்வழங்கலும் இரைச்சலும்

டாங்கிகளின் மின்னமைப்பு பொதுவாக 24 வோல்ட் கொண்டது. இயந்திரத்தை முடுக்கும்போது மின்னழுத்தம் சரிகிறது. பெரும் சுமை துண்டிக்கப்படும்போது திடீரென உயர்கிறது. இவ்வேற்றத்தாழ்வைத் தாங்கும் வடிகட்டிகள் இன்றியமையாதவை. டீசல் இயந்திரத்தில் தீப்பொறிச் செருகி இல்லாவிடினும் மின்னாக்கியும் மின்னோடிகளும் வானலை இரைச்சலை எழுப்புகின்றன. உறையிட்ட கம்பிகளும் முறையான தரையிணைப்பும் அதனைத் தணிக்கும். இரண்டு வானொலிகள் ஒரே ஊர்தியில் இயங்கும்போது ஒன்றின் ஒலிபரப்பு மற்றதன் செவியை அடைத்துவிடும். ஆதலால் ஆண்டெனாக்களை இயன்றவரை விலக்கி நிறுத்துவர்; அதிர்வெண்களையும் பிரித்து வழங்குவர்.

முடிவுரை

ஆண்டெனாவின் இடம், கோபுரத்தின் சுழற்சி, மின்வழங்கல், இரைச்சல் ஆகிய நான்கும் ஊர்தி வரையப்படும்போதே முடிவாகின்றன. ஊர்தி முழுமை பெற்றபின் வானொலியைச் சேர்க்க முனைவது, கட்டி முடித்த வீட்டின் சுவரை இடித்து மின்கம்பி பதிப்பதற்கு ஒப்பாகும். ஊர்திப் பொறியாளரும் தகவல்தொடர்புப் பொறியாளரும் தொடக்கம் முதல் இணைந்து செயற்படுவதே இப்பணியின் அடிப்படைத் தேவையாகும்.