எலித்தெள்ளும் டைஃபஸ் காய்ச்சலும்

டைஃபாய்டு வேறு, டைஃபஸ் வேறு. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலர் இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணிவிடுகின்றனர். டைஃபாய்டு கிருமி அசுத்தமான நீரிலும் உணவிலும் கலந்து குடலை அடைகிறது. டைஃபஸ் கிருமிக்கோ பேன், தெள்ளு போன்ற சிற்றுயிர்களின் துணை வேண்டும்.

டைஃபஸ் நோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள் மிகக் கொடியது பேன் பரப்பும் வகை. போரும் பஞ்சமும் நேர்ந்த காலங்களில் மக்களைக் கூட்டங் கூட்டமாக மாய்த்த நோய் இது. உடையில் வாழும் பேன்களே இதைப் பரப்புகின்றன என்று 1909-ல் சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு அறிஞர் துனிஸ் நகரில் மெய்ப்பித்தார். 1928-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பேன் இல்லாத டைஃபஸ்

பின்னர் ஒரு புதிர் எழுந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் டைஃபசைப் போன்ற, ஆனால் கடுமை குறைந்த ஒரு காய்ச்சல் காணப்பட்டது. நோயாளிகளிடம் பேன் இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது தொற்றியதாகவும் தெரியவில்லை.

கென்னத் மேக்சி என்ற மருத்துவர் இதை ஆராய்ந்தார். அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரின் வரைபடத்தில் நோயாளிகளின் வீடுகளைப் புள்ளியிட்டுக் குறித்தார். புள்ளிகள் நகரெங்கும் சிதறிக் கிடந்தன. பிறகு அவர்கள் வேலை செய்த இடங்களைக் குறித்தார். இம்முறை புள்ளிகள் கடைத்தெருவில் நெருங்கி நின்றன. மளிகைக் கடைகள், உணவு விடுதிகள், தானியக் கிடங்குகள் முதலியன இருந்த பகுதி அது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது எது? எலி! எலிகளிடமிருந்து தெள்ளு போன்ற ஓர் ஒட்டுண்ணி இந்நோயைக் கொண்டுவரலாம் என்று 1926-ல் மேக்சி எழுதினார்.

1931-ல் இது உறுதியாயிற்று. நோய் கண்ட இடங்களில் பிடித்த எலிகளின் தெள்ளுகளிலிருந்தே டையரும் அவருடைய குழுவினரும் பால்டிமோர் நகரில் கிருமியைப் பிரித்தெடுத்தனர். இக்கிருமியின் பெயர் ரிக்கெட்சியா டைஃபி. டைஃபஸ் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, அந்நோய்க்கே 1910-ல் பலியான ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்பவரின் நினைவாக இக்கிருமி இனத்துக்குப் பெயர் சூட்டப்பட்டது.

கடிப்பதாலா, சொறிவதாலா?

தெள்ளு கடுகளவே உள்ள, இறக்கையற்ற பூச்சி. நோயுற்ற எலியின் இரத்தத்தை அது உறிஞ்சும்போது கிருமி அதன் குடலுக்குள் சென்று பெருகுகிறது, எச்சத்தோடு வெளிப்படுகிறது. தெள்ளு மனிதனைக் கடிக்கும்போது தோலின்மீது எச்சமும் இடுகிறது. கடித்த இடம் அரிக்கிறது; நாம் சொறிகிறோம். அந்தக் கீறல் வழியே கிருமி உடலுக்குள் புகுந்துவிடுகிறது. உலர்ந்த எச்சம் தூசியோடு கலந்து கண்ணிலோ மூக்கிலோ பட்டாலும் நோய் வரலாம்.

ஏறத்தாழ இரு வாரங்களுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி ஆகியன தோன்றுகின்றன. சிலருக்கு மார்பிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் காணும். டாக்சிசைக்ளின் என்னும் மருந்தைக் காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் விரைவில் குணமடைகின்றனர். காலந்தாழ்த்தினால், குறிப்பாக முதியவர்களுக்கு, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்வோர், எலிகள் மலிந்த வீடுகளில் வாழ்வோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். எலி மட்டும் காரணம் அன்று. தெற்குக் கலிஃபோர்னியாவிலும் டெக்சாசிலும் பூனைத் தெள்ளும் இந்நோயைப் பரப்புகிறது. தெருப்பூனைகளும், குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும் ஒப்போசம் என்ற விலங்கும் அத்தெள்ளை வீட்டு முற்றம்வரை கொண்டுவந்துவிடுகின்றன. 2018-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மையப் பகுதியிலேயே இந்நோய் பரவியது.

எலியை முதலில் கொல்லலாமா?

எலிதான் காரணம் என்றால் உடனே நஞ்சு வைத்து எலிகளைக் கொன்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. எலி இறந்ததும் அதன் உடல் குளிர்ந்துவிடும். தெள்ளுகள் அதைவிட்டு நீங்கி, வெதுவெதுப்பான வேறோர் உடலைத் தேடும். அருகில் மனிதன் இருந்தால் அவன்மீது தாவும். பிளேக் நோயைப் பரப்புவதும் இதே எலித்தெள்ளுதான் என்பதால், அந்நோய் கண்ட இடங்களிலும் இந்த எச்சரிக்கை தேவை.

எனவே முதலில் தெள்ளை ஒழிக்க வேண்டும். பிறகே எலியை ஒழிக்க வேண்டும். 1944-ல் அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். அடுத்த ஆண்டு முதல் எலிகள் ஓடும் தடங்களில் டி.டி.டி. தூளைத் தூவினர். எலியின் உடலில் ஒட்டிய தூள் தெள்ளுகளைக் கொன்றது. எலி ஒழிப்பும் சேர்ந்து நடந்ததால், 1950-களின் இறுதிக்குள் நோயாளிகளின் தொகை ஆண்டுக்கு 100-க்கும் கீழே இறங்கியது. 1972-ல் அந்நாடு டி.டி.டி.யைத் தடை செய்தது. இப்போது வேறு பூச்சிக்கொல்லிகள் பயன்படுகின்றன.

இந்தியா உட்பட வெப்ப நாடுகள் பலவற்றில் இந்நோய் உண்டு. தானியத்தை மூடிவைத்தல், குப்பையைத் தேங்கவிடாமை, சுவரிலுள்ள எலி வளைகளை அடைத்தல், வளர்ப்புப் பிராணிகளின் தெள்ளைப் போக்குதல் ஆகியவை எல்லோரும் செய்யக்கூடியவை. செத்த எலியைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன்மீது தெள்ளுகள் இன்னும் இருக்கக்கூடும்.