இறைச்சி தின்றும் சோகை ஏன்? - பி12ஐச் சுமக்கும் பரம்பரை அலகு

“இறைச்சி, மீன், முட்டை எல்லாம் நல்லாத்தானே சாப்பிர்றான். பின்ன எப்பிடி விற்றமின் குறையும்?” சோகை பிடித்த பிள்ளையின் உம்மா இப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் சில பிள்ளைகளின் விடயத்தில் குறை சட்டியில் இல்லை, இரைப்பையில் இருக்கிறது.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.4 மைக்ரோகிராம் விற்றமின் பி12 போதும். அந்தச் சொற்ப அளவும் தானாகக் குருதியில் சேர்ந்துவிடாது. இரைப்பைச் சுவரின் கலங்கள் ‘உள்ளகக் காரணி’ என்றொரு புரதத்தைச் சுரக்கின்றன. அது சிறுகுடலில் பி12ஐப் பற்றிக்கொண்டு, குடலின் கடைப்பகுதிவரை கூட்டிச் செல்கிறது. அங்குள்ள வாங்கிகள் இந்தச் சோடியைத்தான் உள்ளே எடுக்கும். தனியே வரும் பி12இல் நூற்றில் ஒரு பங்கு அளவே கசிந்து உட்செல்லும்.

இதற்கு வழிகாட்டியவர் பொஸ்டன் நகர வைத்தியர் வில்லியம் காசில். 1920களின் பிற்பகுதியில், வெறும் மாட்டிறைச்சி கொடுத்தும் தேறாத சோகை நோயாளருக்கு, தன் இரைப்பையில் சிறிது நேரம் சமிபாடடைந்த இறைச்சியை வெளியே எடுத்துக் குழாய் மூலம் ஊட்டினார். அவர்களது குருதி தேறத் தொடங்கியது. சுகதேகியின் இரைப்பையில் ஏதோ ஒன்று இருக்கிறது, நோயாளியிடம் அது இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று.

அந்தப் புரதத்தை ஆக்கும் கட்டளை 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் பெயர் சி.பி.எல்.ஐ.எஃப்; முன்னர் ஜி.ஐ.எஃப் என்றனர். வாப்பாவிடமிருந்து ஒன்று, உம்மாவிடமிருந்து ஒன்று என இரு பிரதிகள் நமக்குண்டு. ஒன்று பழுதானால் மற்றது சமாளிக்கும். ஆளுக்கு ஒரு நோயுமில்லை. இரண்டுமே பழுதானால்தான் பிறவிக் குறைபாடு. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

மாமி மகள், மாமா மகன் திருமணத்தை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் ஒரே மூத்தவாப்பாவின் பழுது இரு பக்கத்தாலும் வந்து சேர அங்கு வாய்ப்புக் கூடுகிறது. இது யாருடைய குற்றமும் அல்ல; குடும்பத்தில் இத்தகைய சோகை இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வதுதான் தேவை. நோய் மிக அரிதென்றாலும், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிறல், சோர்வு, வளர்ச்சிக் குறைவு என முகம் காட்டும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் குருதி தேறியது போலிருக்கும், நரம்போ உள்ளே பழுதாகிக்கொண்டே போகும். பிந்தினால் அப்பழுது முழுதாக மீளாமலும் போகலாம். பி12 ஊசி இரைப்பையையும் குடலையும் தாண்டி நேரே உடலில் சேர்வதால் பிள்ளை நன்றாகத் தேறும். ஆனால் “இப்ப நல்லாயிட்டான்தானே” என்று இடையில் நிறுத்தக் கூடாது. ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.

“ஊசி ஹலாலா?” என்ற கேள்வியும் எழும். 1930களில் உலர்த்திய பன்றி இரைப்பைத் தூளே இச்சோகைக்கு மருந்தாயிருந்தது உண்மை. இன்றைய பி12 நுண்ணங்கிகளை நொதிக்கச் செய்து பெறப்படுவது. அந்தத் தயக்கத்தால் ஒரு பிள்ளையின் நரம்பு கெட வேண்டியதில்லை.