மலேரியா மாத்திரை இலவசம்தான், அந்த 14 நாள்?

"மலேரியாவா? அது தாத்தா காலத்து நோய்லா?" ஹாஸ்டல்ல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. நெல்லைப் பக்கம் காய்ச்சல்னா இப்போ எல்லாருக்கும் டெங்கு ஞாபகம்தான் வரும். தமிழ்நாட்டில் மலேரியா ரொம்பக் குறைஞ்சிருச்சு என்பதும் உண்மை. ஆனா இன்னைக்கும் அது யாருக்கு வருது என்று பார்த்தால் விஷயம் வேற மாதிரி இருக்கு.

நம்ம ஊர் அபார்ட்மென்ட், பாலம், காலேஜ் பிளாக் எல்லாத்தையும் கட்டுறதுல ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் அண்ணன்கள் நிறைய பேர். ஒடிசாவில் மட்டும் 2016-ல் 4 லட்சத்துக்கு மேல் மலேரியா கேஸ். அப்புறம் அந்த அரசு ஊர் ஊராப் போய் ரத்தம் சோதிச்சு, கொசுவலை கொடுத்து, அதைப் பெருமளவு குறைச்சது. இருந்தாலும் அங்கிருந்து ரயில் ஏறி திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்குறவர் உடம்புக்குள்ள கிருமி தூங்கிட்டு இருக்கலாம்.

தூங்குதுன்னு சும்மா சொல்லலை. விவாக்ஸ் வகை மலேரியா கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில் போய் ஒளிஞ்சிக்கும். வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் சத்தமே இல்லாம இருந்துட்டு மறுபடி ரத்தத்துக்கு வரும். அதனால்தான் இதுக்கு ரெண்டு மருந்து. குளோரோகுயின் 3 நாள், இது ரத்தத்தில் இருக்கிற கிருமிக்கு. பிரைமாகுயின் 14 நாள், இது கல்லீரலில் ஒளிஞ்சிருக்கிறதுக்கு. ஃபால்சிபாரம்னு இன்னொரு வகை இருக்கு. ஆளையே கொல்லக்கூடியது அதுதான். அதுக்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து கொடுப்பாங்க.

ரத்தப் பரிசோதனை, மாத்திரை ரெண்டுமே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலும் இலவசம். எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் இலவசம்.

அப்போ சிக்கல் எங்கே? மூணாவது நாளே காய்ச்சல் விட்டுரும். உடம்பு நல்லா ஆனவன் இன்னும் 11 நாள் எதுக்கு மாத்திரை போடணும்? இதைத் தமிழில் விளக்கினா அவருக்குப் புரியாது. லீவு போட்டு ஆஸ்பத்திரி போனா அன்னைக்குக் கூலி கிடையாது. அதுக்குள்ள மேஸ்திரி அவரை கூடங்குளத்துக்கோ தூத்துக்குடிக்கோ வேற சைட்டுக்கு அனுப்பியிருப்பார். பாதிப் பேர் முதல்ல மெடிக்கல் ஷாப்ல காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுறாங்க. என்னைக் கேட்டா, மருந்தோட விலையை பூஜ்யம் ஆக்கினது சுலபமான பாதிதான்.

பிரைமாகுயினை எல்லாருக்கும் கண்ணை மூடிட்டுக் கொடுக்கவும் முடியாது. கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயசு ஆகாத குழந்தைகளுக்கும் கிடையாது. ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்கிறவங்களுக்கு சிவப்பணுக்கள் உடைஞ்சு ரத்தசோகை வரலாம். சிறுநீர் கருஞ்சிவப்பா போனா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும். வெறும் வயித்துல போடக்கூடாது. சைட் ஷெட்டிலேயே குடும்பத்தோட தங்கி இருக்கிற பெண்கள், குழந்தைகளுக்கு இதை யார் எடுத்துச் சொல்றது?

சிவில் மக்களே, இது உங்களுக்கு. நகரத்து மலேரியா கொசுவான அனாபிலிஸ் ஸ்டீபன்சை சாக்கடையைத் தேடாது, அதுக்கு நல்ல தண்ணி வேணும். மூடாத ஓவர்ஹெட் டேங்க், க்யூரிங்குக்குத் தேக்கின தண்ணி, லிஃப்ட் குழி எல்லாம் போதும். நோயாளியும் கொசுவும் ஒரே சைட்ல இருந்தா மிச்சம் தானா நடக்கும்.

பக்கத்து இலங்கையில் இது நடந்திருக்கு. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்துச்சு. 2018 கடைசியில், இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருத்தருக்குத் தொத்தியது தெரிய வந்தது. அவங்க உடனே சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் ரத்தம் சோதிச்சு, அதோட நிறுத்திட்டாங்க. கேஸே இல்லாத நாட்டில்கூட மைக்ராஸ்கோப் பார்க்கிற ஆளை அவங்க வீட்டுக்கு அனுப்பலை.

இந்தியாவோட இலக்கு 2030. இந்த செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்கு சைட் போறவங்க, அங்கே யாருக்காவது குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் விட்டு விட்டு வந்தா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை கூடப் போங்க. எங்கே போறதுன்னு தெரியலைன்னா 104-க்கு போன் பண்ணிக் கேட்கலாம். முடிஞ்சா அந்த 14 நாளையும் இந்தியில் ஒரு அட்டையில் எழுதி, மாத்திரை போட்டதும் டிக் அடிக்கச் சொல்லிக் கொடுத்துட்டு வாங்க.